நல்ல கால்

அந்த விளையாட்டு விடுதியில் குருவுக்கு வயது குறைவு. சீடருக்கு மீசை நரைத்திருந்தது.

குரு மெஹருன்னிசா, விடுதியின் பிசியோ. வீராங்கனைகளுக்கு மெஹர் அக்கா. சீடர் வில்வநாதன். ராணுவ மருத்துவமனைகளில் பாதி ஆயுள் கட்டுப்போட்டுவிட்டு, ஓய்வு பெற்று, மெஹருக்கு உதவியாளராக வந்தவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். தெற்கே அந்த விடுதியில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள்.

"அண்ணாச்சியா? நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?" என்று வந்த புதிதில் கேட்டார்.

"பஞ்சு, பிளாஸ்திரி, ஐஸ் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு. பொறவு அது கடையில்லாம என்ன?" என்றாள் இசக்கியம்மாள்.

இசக்கி கபடி அணியின் ரெய்டர். எதிரணியின் பாதிக்குள் தனியாகப் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்புவது அவள் வேலை. வாயும் அப்படித்தான். குருவும் சீடரும் சேர்ந்து வருவதைக் கண்டால், "குருவம்மா வாராவ, பின்னாடியே சிஷ்யப்பிள்ளையும் வாராவ" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பாள்.

மெஹர் சிரிக்க மாட்டார். வில்வநாதன் சிரிப்பார்.

மெஹரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கணுக்காலில் அடி என்று யார் வந்தாலும் இரண்டு ஷூவையும் கழற்றச் சொல்வார். அடிபட்ட கால் ஓரமாக இருக்கும். முதலில் நல்ல காலை மடியில் எடுத்து வைப்பார். குதிகாலை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் கணைக்கால் எலும்பைப் பிடித்து, பாதத்தை மெதுவாக முன்னால் இழுப்பார். உள்பக்கம் மடக்குவார். எலும்பின் ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே வருவார். ஒன்றும் ஆகாத காலில் இத்தனையும் செய்துவிட்டுத்தான் அடுத்த காலுக்குப் போவார். அடிபட்டவள் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஒருநாள் கைப்பந்து ஆடும் பெண் ஒருத்தி, வீங்கிய காலோடு வந்தாள். மெஹர் நல்ல காலை எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

"அது இல்லக்கா, இது."

"தெரியும்" என்றார் மெஹர். நல்ல காலை விடவில்லை.

அவள் போன பிறகு வில்வநாதன் கேட்டார். "நல்ல காலை ஏன் மேடம் முதல்ல தொடுறீங்க?"

"அந்தப் பொண்ணோட கால் எவ்வளவு மடங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அடிபட்ட காலை மடக்கிப் பார்த்தா தெரிஞ்சிரும்."

"அது இன்னைக்கு மடங்குறது. நேத்து எவ்வளவு மடங்கிச்சு?"

வில்வநாதன் யோசித்தார். ஒவ்வொருவர் மூட்டும் ஒரு மாதிரி. சிலருக்குப் பிறந்ததிலிருந்தே தளர்வு. சிலருக்கு இறுக்கம்.

"நல்ல கால் சொல்லும்" என்றார்.

"ம்."

விடை கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கே அழுத்த வேண்டும் என்று மெஹர் அவருடைய காலிலேயே காட்டிக்கொடுத்தார். வெளிப்பக்க எலும்பின் பின் ஓரம். உள்பக்க எலும்பின் பின் ஓரம். சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் நடுவில் துருத்தும் முனை. ஜவ்வு எது, எலும்பு எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஜவ்வு என்றால் ஐஸும் கட்டும் போதும். எலும்பு என்றால் ஆட்டம் முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும்.

"வலிக்குதுன்னு ரெண்டுக்கும்தானே சொல்லுவாங்க?"

"ஜவ்வை அழுத்தினா கத்துவாங்க. எலும்பை அழுத்தினா பேச்சு நின்னுரும்."

வில்வநாதனுக்கு டேப் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ராணுவத்தில் அது கிடையாது. அங்கே கட்டு என்றால் படுக்கையில் கிடப்பவனுக்கு. இங்கே ஓடப்போகிறவளுக்கு. கணுக்கால் உள்பக்கம் மடியாமல், ஆனால் ஓட்டமும் கெடாமல் கட்ட வேண்டும். கற்றுத்தரச் சொல்லி மெஹரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு காலையில் மெஹர் அவரை மேசைமேல் உட்காரச் சொன்னார். அவருடைய வலது கணுக்காலில் வெள்ளை டேப்பைக் கட்டினார்.

"என் கால் நல்லாத்தான் இருக்கு மேடம்."

"இருக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் இதோட இருங்க."

வில்வநாதன் வெளியே போனார். காவலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்தார். சமையற்காரர் வரிசையில் நிற்க வேண்டாம் என்று தட்டை மேசைக்கே கொண்டுவந்தார். வார்டன், எந்த வண்டி இடித்தது, நம்பரைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். இசக்கி தூரத்திலிருந்தே கத்தினாள்.

"அண்ணாச்சி! எந்த நாய் வெரட்டிச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல கால்தான். மேடம் சும்மா கட்டிவிட்டாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

இசக்கி கிட்டே வந்து குத்தவைத்து அந்தக் காலையே பார்த்தாள். விரலால் டேப்பைத் தட்டினாள்.

"நல்ல கால்லயா கட்டியிருக்கு?" என்று மறுபடி கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மாலையில் மெஹர் டேப்பைக் கத்தரித்தார்.

"எப்படி இருந்தது?"

"எல்லாரும் இந்தக் காலையே பார்த்தாங்க மேடம். என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு. இடது கால்ல செருப்பு வாரு அறுந்து கிடந்தது. இழுத்துக்கிட்டேதான் நடந்திருக்கேன். ஒருத்தரும் பார்க்கலை."

"நீங்க எப்போ பார்த்தீங்க?"

"இப்பதான். மேசையில ஏறும்போது."

மறுநாளிலிருந்து மெஹர் டேப் கட்டக் கற்றுக்கொடுத்தார்.

வில்வநாதனின் கைக்கு அது சீக்கிரம் வந்தது. பாதத்தைச் செங்குத்தாக நிறுத்தி, தோலுக்கு மெல்லிய உறை சுற்றி, கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை, அங்கிருந்து குதிகாலுக்கு அடியில் லாடம்போல ஒரு சுற்று, மேலே எட்டுப் போடுவதுபோல ஒரு சுற்று, குதிகாலை இரண்டு பக்கமும் பூட்டி முடிப்பார். ஒரு சுருக்கம் இருக்காது. கடைசியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பார். சில மாதங்களில் பெண்கள் அவரிடம் வரிசையில் நின்றார்கள்.

"குருவம்மா கட்டுனா கால் நிக்கும். அண்ணாச்சி கட்டுனா போட்டோவே எடுக்கலாம்" என்றாள் இசக்கி.

மாநிலப் போட்டி பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. அணி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. அரையிறுதி அன்று காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வாளர் அம்மா வந்திருக்கிறார். பழைய ஆட்டக்காரர். எடுத்தால் அணியில் இடமும் உண்டு, வேலையும் உண்டு.

இசக்கிக்கு அந்த வருஷத்தோடு விடுதியின் வயது வரம்பு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால் அண்ணனோடு திருப்பூருக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை சொல்லிவைத்திருந்தான். இதையும் அவள் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லுவாள். "பொறவு நான் பனியனைத் தொட்டுட்டு ஓடியாந்திருவேன், ஒரு பனியனுக்கு ஒரு பாயின்ட்டு."

பயிற்சியின்போது வேறொரு பெண்ணுக்குத் தாடையில் வெட்டுப்பட்டது. தையல் போட அவளை அழைத்துக்கொண்டு மெஹர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"நான் வர்ற வரைக்கும் நீங்க பார்த்துக்கங்க சார்" என்றார்.

ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு இசக்கி வந்தாள். ஷூவும் சாக்ஸும் போட்டு முழுதாகத் தயாராக இருந்தாள். வில்வநாதன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து வலது ஷூவை மட்டும் கழற்றி, காலை நீட்டினாள்.

"லேசா மடங்கிருச்சு அண்ணாச்சி. கட்டி விடுங்க."

"எப்போ?"

"சித்த முன்னதான்."

அவர் குதிகாலை ஏந்தினார். வீக்கம் இல்லை. வெளிப்பக்கம் ஜவ்வு இருக்கும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார்.

"ஆ" என்றாள் இசக்கி. விரல் இன்னும் அழுத்தியிருக்கவில்லை. பயந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

எலும்பின் ஓரத்தை அழுத்தினார்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"அங்க இல்ல. முன்ன சொன்னமில்லா, அங்கதான்."

பாதத்தை முன்னால் இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

"அந்தக் காலைக் காட்டும்மா."

"அது நல்ல கால் அண்ணாச்சி. ஷூவை இறுக்கிக் கட்டியிருக்கேன். இனிமே அவுத்துக் கட்ட நேரம் ஏது? சார் ஏசுவாரு."

பால்துரை, அணியின் கோச், அந்தப் பக்கம் நின்று ஏற்கெனவே ஏசிக்கொண்டிருந்தார்.

நல்ல காலை எதற்குப் பார்ப்பது என்று வில்வநாதனுக்குத் தெரியும். ஒப்பிட. இந்தக் காலில் ஒப்பிட ஒன்றும் இல்லை. வீக்கம் இல்லை, தளர்வு இல்லை. லேசான சுளுக்கு. அவர் டேப்பை எடுத்தார்.

அன்றைக்குப்போல அவர் கட்டியதே இல்லை. முடிந்ததும் இசக்கி சாக்ஸை இழுத்து மேலே விடாமல் கீழே மடித்துவிட்டாள். வெள்ளை டேப் பளிச்சென்று வெளியே தெரிந்தது.

"சாக்ஸை ஏத்தி விடும்மா."

"இருக்கட்டும் அண்ணாச்சி. அழகா இருக்கு."

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மெஹர் திரும்பி வந்தபோது முதல் பாதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வந்து வில்வநாதன் பக்கத்தில் நின்றார்.

இசக்கி எதிரணியின் பாதிக்குள் இருந்தாள். டேப் கட்டிய காலை முன்னால் நீட்டி நீட்டி ஆடினாள். ஓரத்தில் நின்ற எதிரணிப் பெண் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கபடியில் ரெய்டருக்கு எந்தக் காலில் கட்டு இருக்கிறதோ அந்தக் கணுக்காலைத்தான் முதலில் பிடிப்பார்கள். அவள் பாய்ந்தாள். இசக்கி காலை உருவிக்கொண்டாள். பாய்ந்தவளின் தலையைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

கூட்டம் சத்தம் போட்டது. அடுத்த முறையும் அதேபோல. அதற்கடுத்த முறை இரண்டு பேர் அந்தக் காலுக்குப் பாய்ந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"லேசான சுளுக்கு மேடம். வலது கால். நான்தான் கட்டினேன். பிடிச்சு நிக்குது பார்த்தீங்களா?"

"நல்லாக் கட்டியிருக்கீங்க" என்றார் மெஹர்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தக் கால்ல திரும்புறா?"

வில்வநாதன் பார்த்தார். இசக்கி ஒவ்வொரு முறையும் டேப் கட்டிய காலை ஊன்றித்தான் திரும்பினாள். முழு எடையும் அதில். இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் கூட வந்தது.

"சுளுக்கின கால்லயா ஊன்றுவாங்க?" என்றார் மெஹர்.

"டேப் இருக்கே மேடம். அந்தத் தைரியம்."

"நீங்க முதல்ல எந்தக் காலைத் தொட்டீங்க?"

விசில் ஊதினார்கள். பாதி ஆட்டம்.

இசக்கி பெஞ்சுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம் தோழிகள் முதுகில் தட்டினார்கள். மெஹர் அவள் முன்னால் மண்டியிட்டார். டேப் கட்டிய காலை எடுத்து மடியில் வைத்தார். டேப்பின் மேலேயே கையால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார்.

வில்வநாதனுக்குக் குழப்பமாக இருந்தது. அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், அதுதான் அடிபட்ட கால். நீங்க எப்பவும் நல்ல காலைத்தானே முதல்ல…"

சொல்லி முடிக்கவில்லை.

மெஹர் அந்தக் காலை இறக்கி வைத்தார்.

"இப்ப இதைக் கழட்டு."

"இதுல ஒண்ணுமில்லக்கா."

"கழட்டு இசக்கி."

"ஆட்டத்துக்குப் போணும்க்கா. நேரமில்ல."

மெஹரே கயிற்றை அவிழ்த்தார். ஷூ எளிதாக வரவில்லை. சாக்ஸைச் சுருட்டி இறக்கியபோது கணுக்கால் உருண்டையாக இருந்தது. எலும்பு இருக்கும் இடம் தெரியவில்லை. அடியில் நீலம் பாய்ந்திருந்தது.

"எப்போ?"

"காலையில. குளிக்கப் போனப்ப. படியில வழுக்கிருச்சு."

மெஹர் ஜவ்வை அழுத்தினார். "யம்மா!" என்று கத்தினாள் இசக்கி. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "என்னளா வேடிக்கை பாக்க, தண்ணி குடு" என்றாள்.

மெஹர் விரலை வெளிப்பக்க எலும்பின் பின் ஓரத்துக்கு நகர்த்தி அழுத்தினார்.

இசக்கி ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிய தண்ணீர்ப் பாட்டில் கையில் நசுங்கியது.

வில்வநாதன் அந்தப் பாட்டிலைப் பார்த்தார்.

"எழுந்து நாலு அடி நட" என்றார் மெஹர்.

இசக்கி எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

பால்துரை வந்தார். "என்ன மேடம், இன்னும் பாதிதான இருக்கு. இந்தக் கால்லயும் இறுக்கமா ஒரு கட்டுப் போட்டு விடுங்க. முடிஞ்சதும் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க."

"எலும்பு சார்."

"எலும்புன்னு படம் எடுத்தாத்தான தெரியும்?"

"அதனாலதான் இறக்கக் கூடாது. இப்ப விரிசலா இருக்கலாம். ஒரு தடவை பிடிச்சு இழுத்தாங்கன்னா விலகிரும்."

"அக்கா" என்றாள் இசக்கி. "இந்தக் காலை அவளுவ தொடவே இல்ல. இனிமேயும் தொட மாட்டாளுவ. அந்தக் காலையேதான் பாக்காளுவ. நீங்களே கண்டியல்லா?"

"பார்த்தேன்."

"அந்த அம்மாவும் பாத்துக்கிட்டு இருக்காவக்கா."

மெஹர் ஐஸ் பையை எடுத்தார். பால்துரை வேறொருத்தியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் பாதி இசக்கி இல்லாமல் நடந்தது. முதல் பாதியில் எடுத்த பாயின்ட்டுகள் மிச்சம் இருந்ததால் அணி எப்படியோ ஜெயித்தது. எல்லோரும் ஆட்ட விரிப்பில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இசக்கி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐஸ் வைத்த இடது காலை ஒரு துண்டு மூடியிருந்தது. டேப் கட்டிய வலது கால் வெளியே இருந்தது.

தேர்வாளர் அம்மா நேராக அங்கேதான் வந்தார். உயரமாக இருந்தார். நடையில் இன்னும் ஆட்டக்காரி தெரிந்தார்.

"என்ன, பாதியில உக்காந்துட்டே?" என்றார். டேப்பைப் பார்த்தார். "இந்தக் காலா?"

இசக்கி இடது கால்மேல் துண்டை இழுத்துவிட்டாள்.

"லேசான சுளுக்கு மேடம்" என்றார் பின்னாலேயே வந்த பால்துரை. "ரிஸ்க் எடுக்க வேண்டாம்னு உக்கார வெச்சோம்."

"யாரு கட்டினது?"

"நான்தான்" என்றார் வில்வநாதன்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க. அடி பலமா?"

பால்துரை அவரைப் பார்த்தார். இசக்கி அவரைப் பார்த்தாள். மெஹர் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் பார்க்கவில்லை.

"கட்டின கால்ல ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் வில்வநாதன்.

"அப்ப சரி." தேர்வாளர் அம்மா இசக்கியின் தோளைத் தட்டினார். "திங்கக்கிழமை கேம்ப் ஆரம்பிக்கிறோம். வந்திரு. ஓட்டம்தான் முதல்ல. ஓடிக் காட்டிட்டா மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவர் தன் இருக்கைப் பக்கம் நடந்தார். பால்துரை கூடவே போனார்.

இசக்கி வில்வநாதனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும். "அண்ணாச்சி" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. இதுவரை அவளுக்குப் பேச்சு வராமல் போனதை அவர் இன்று ஒரு தடவைதான் பார்த்திருந்தார்.

மெஹர் ஐஸ் பெட்டியை ஓரமாக வைத்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"நான் பொய் சொல்லலை மேடம்" என்றார் வில்வநாதன்.

"இல்ல."

"கட்டின கால்ல ஒண்ணும் இல்லதானே."

"ஒண்ணும் இல்ல. நல்ல கால்."

அடுத்த ஆட்டத்துக்கு விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை எந்தக் கால்ல ஓடுவா?" என்றார் மெஹர்.

"சமாளிச்சிருவேன்க்கா" என்றாள் இசக்கி. "அண்ணாச்சி கட்டுன மாதிரி ரெண்டு கால்லயும் கட்டிக்கிட்டா சமாளிச்சிருவேன். இன்னைக்கு ஆடலையா?"

மெஹர், வில்வநாதன் பதில் சொல்லுவார் என்பதுபோல அவரைப் பார்த்தார். துண்டின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், ரொம்ப நாளைக்கு முன்ன ஒண்ணு கேட்டேன். பதில் கிடைச்சிருச்சுன்னு விட்டுட்டேன்" என்றார் வில்வநாதன்.

"கேளுங்க."

"நல்ல காலை ஏன் முதல்ல தொடுறீங்க?"

"அவங்க காட்டுற காலைத் தொட்டா அதோட நின்னுருவோம். நல்ல காலை முதல்ல தொட்டா, அடுத்ததையும் தொட்டாகணும் சார்."

எதிரே வரிசையில் தேர்வாளர் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் பக்கம் நாலைந்து அடி போனார். ஏதோ நினைத்துக்கொண்டவர்போல நின்று, பெஞ்சை நோக்கித் திரும்பி வந்தார்.

"உன் பேரு என்ன, இசக்கியா இசக்கியம்மாளா?" என்று வரும்போதே கேட்டார்.

வில்வநாதன் தன் கையை இசக்கியின் பிடியிலிருந்து எடுத்தார். ஆட்டத்துக்கு முன்பு உட்கார்ந்ததுபோலவே அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் காலைக் காட்டும்மா" என்றார்.

அது நல்ல கால் என்று இந்த முறை இசக்கி சொல்லவில்லை.